வலி தெரியாதவள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வராதே

தலைப்பிரசவத்துக்கு நீ இங்கே வரக்கூடாது. முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்துவிட்டு எனக்கு நாலு விளக்கம் சொல்வாய், கடைசியில் நானும் "சரி, வந்து தொலை" என்று வாயை விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துவந்து பிரசவம் பார்த்து அனுப்புவது பெற்றவளின் கடமை என்று திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உனக்கு மாமியார் இல்லை, மாப்பிள்ளை கத்தாரில் இருக்கிறார். வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பெங்களூரில் தனியாக விட்டுவிட்டு அம்மாக்காரி இங்கே நாற்றங்காலைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள் என்று ஊர் பேசும். பேசட்டும். நீ படித்து முடித்த பிறகு இது பேரில்லாமல் அச்சிலும் வரட்டும் என்று நினைக்கிறேன். வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்து "நடிக்காதே" என்று சொல்லிப் பேர் வாங்கிய அம்மா நான் ஒருத்தி மட்டும் இருக்க முடியாது.

போன புரட்டாசியில் வரப்பில் வழுக்கி விழுந்தேன் அல்லவா, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். கணுக்கால் வீங்கியது. நல்லெண்ணெய் தடவிவிட்டு அந்தக் காலோடு பதினோரு நாள் நின்று நடவு பார்த்தேன். வீக்கம் வடியாததால், ஆட்கள் நச்சரித்ததால், எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படத்தின் மேல் இருந்த பேரைப் பார்த்தார். எலும்பு இரண்டாகிக் கிடக்கிறது, எப்படி வந்தீர்கள் என்றார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துதான் என்றேன். இதை உன்னிடம் பெருமையாகத்தான் சொன்னேன். வேறு பெண்ணாயிருந்தால் திட்டியிருப்பாள். நீ எந்த எலும்பு, எத்தனை நாள் நடந்தாய் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாய். தீபாவளிக்கு வந்தபோது இரண்டு சின்னக் குழாயில் என் ரத்தத்தை உன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனாய். பொங்கலுக்கு முடிவோடு வந்தாய்.

நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் நீ படம் போட்டுச் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உடம்பில் அடிபட்டால் ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லுக்குச் சேதி அனுப்புகிறது. சேதி அளவுக்கு மிஞ்சிப் போனால், வாங்கிக்கொள்கிற செல் தன்னைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்விலிருந்தே ஒரு பொருளை அந்த நேரத்தில் செய்து, சேதி வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. அது அனுப்புகிற செல்லின் மேலே பூட்டு மாதிரி இருக்கும் ஏற்பியில் போய் உட்கார்ந்ததும் அந்தச் செல் குரலைத் தணித்துக்கொள்கிறது. கஞ்சா குடிப்பவனுக்குப் போதை ஏறுவதும் அதே ஏற்பி வழியாகத்தான் என்றாய். கஞ்சாவை ஆராய்ந்தபோதுதான் அது கண்ணில் பட்டதாம், அதனால் பாவம் அந்த ஏற்பிக்குக் கஞ்சாவின் பேரே நிலைத்துவிட்டது. ஆனால் உடம்பு அதைக் கஞ்சாக்காரனுக்காக வைத்திருக்கவில்லை, தன் சொந்தச் சரக்குக்காக வைத்திருக்கிறது என்றாய். அப்படியானால் உன் அம்மா பிறந்ததிலிருந்தே போதையில் இருக்கிறாள் என்று சொல் என்றேன். கரும்பைக் கடித்துக்கொண்டு நீயும் சிரித்தாய்.

பிறகு நொதிக்கு வந்தாய். பள்ளிக்கூடத்தில் எச்சிலில் இருந்து சோற்றைச் சர்க்கரையாக்குவது என்று படித்த அதே என்சைம் சாதிதான். இந்தச் சொந்தச் சரக்கை உடம்பு சேர்த்து வைப்பதில்லை. தேவைப்படும்போது செய்கிறது, வேலை முடிந்ததும் ஒரு நொதி வந்து அதை இரண்டாக உடைத்துப் போட்டுவிடுகிறது. சரக்கில் முக்கியமானவை இரண்டு, அவற்றை உடைக்க முக்கியமான நொதியும் ஆளுக்கு ஒன்று. எவ்வளவு நேரம் அந்தச் சரக்கு ஏற்பியில் உட்கார்ந்திருக்க வேண்டும், எப்போது விடுபட வேண்டும் என்பதெல்லாம் இந்த நொதிகளின் கையில் இருக்கிறது. எனக்கு அவற்றில் ஒன்று சரியாக வேலை செய்யவில்லை. மடையைத் திறக்க ஆளிருந்து அடைக்க ஆளில்லாத வயல் மாதிரி, அந்தப் பொருள் என் உடம்பில் எப்போதும் தேங்கிக் கிடக்கிறது. அதனால் வலி தெரியாது, புண் சீக்கிரம் ஆறும், பயம் வராது, மறதி வரும். இவ்வளவையும் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாய். "அம்மா, அக்கா விஷயத்துல உன் மேல தப்பே இல்ல. உன் உடம்பு அப்படி" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. என் கண் கலங்கவில்லை. அந்த மன்னிப்பை நான் அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், இப்போது கொடுக்கிறேன்.

என்னைப் பற்றி ஊரில் என்ன பேச்சு என்று உனக்குத் தெரியும். அண்டாவில் நெல் அவிக்கும்போது என் கை வெந்தது, கருகல் வாடை வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பல்லைப் பிடுங்க ஊசி வேண்டாம் என்றேன். உங்கள் இருவரையும் சத்தமில்லாமல் பெற்றேன். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி கத்திக்கொண்டிருந்தபோது அவளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. நர்சுகள் என்னைக் காட்டி அவளைத் திட்டினார்கள். அதைவிடப் பெரிய பரிசு எனக்கு யாரும் கொடுத்ததில்லை. அதற்குப் பிறகு யார் வலி என்று சொன்னாலும் எனக்குக் கேவலமாகத்தான் தெரிந்தது. உங்கள் அப்பா முதுகுவலியில் குனிய முடியாமல் நிற்பார். மம்பட்டியைப் பிடுங்கிக்கொண்டு, நான்கு பேர் பார்க்க, "புடவை கட்டிக்கிட்டு உள்ள போய்ப் படு" என்றிருக்கிறேன். அவர் உள்ளே போவார். சாகும் வரை அந்த மனிதர் என் முன்னால் ஒரு முறைகூட முனகவில்லை, முனக நான் விடவில்லை.

உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில்தான் காது குத்தினோம். அக்காவுக்கு ஏழு வயது, உனக்கு மூன்று. மாமா மடியில் உட்கார வைத்ததுமே அவள் வீறிட்டாள். ஆசாரி கையைத் தட்டிவிட்டாள், ஒரு காது குத்தி முடித்ததும் இறங்கி ஓடினாள், பிடித்து வந்து அமுக்கித்தான் அடுத்த காதைக் குத்தினோம். நீ இரண்டு காதையும் காட்டிவிட்டு ஜாங்கிரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். பந்தலே சிரித்தது. "இது என் பிள்ளை" என்று உன்னைத் தூக்கிக்கொண்டேன். அவள் காதில் ரத்தத்தோடு நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு இந்த வீட்டில் அழுமூஞ்சி என்று பேர். பத்து வயதில் கீழே விழுந்து கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறாள் என்று அந்தக் கையாலேயே தண்ணீர்க் குடம் தூக்க வைத்தேன். மூன்றாம் நாள் வாத்தியார்தான் மணிக்கட்டு உடைந்திருக்கிறது என்று கண்டுபிடித்து அழைத்துக்கொண்டு போனார். உன்னை எனக்குப் பிடித்தது, அவளைப் பிடிக்கவில்லை. உன்னில் என்னைப் பார்த்தேன், அவளில் உங்கள் அப்பாவைப் பார்த்தேன். ஒரு தாய் இப்படி எழுதலாமா என்று கேட்காதே, நடந்ததை எழுதுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மாசியில் என்ன நடந்தது என்று உனக்கு முழுக்கத் தெரியாது. நீ பெங்களூரில் இருந்தாய். அக்காவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்து இருபது நாளாகியிருந்தது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நம் ஒன்பது மா நிலத்துச் சம்பா நெல்லும் முற்றி நின்றது. மேற்கே ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெல்ட் அறுப்பு மெஷின் ஒன்றுதான் ஊரில் இருந்தது, வரிசைப்படி வயல் வயலாக இறங்கியது. நம் முறை அன்று காலை ஒன்பது மணிக்கு. விட்டால் அடுத்த முறை எட்டு நாள் கழித்து. மழை வருகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாசி மழையில் சாய்ந்த கதிர் தரையிலேயே முளைத்துவிடும் என்பது உனக்கும் தெரிந்ததுதான்.

காலை ஆறு மணிக்கு அக்கா வயிறு வலிக்கிறது என்றாள். விட்டு விட்டு வருகிறதா என்று கேட்டேன். விடவே இல்லை என்றாள். சீரகத்தை வறுத்துப் பனைவெல்லம் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். இங்கே எல்லா வீட்டிலும் செய்வதுதான். சூட்டு வலியாக இருந்தால் கஷாயத்தில் அடங்கிவிடும், பிரசவ வலியாக இருந்தால் விட்டு விட்டு வந்து வலுக்கும். அவளுக்கு அடங்கவும் இல்லை, விட்டு வரவும் இல்லை. விட்டு வராததால் பிரசவ வலி இல்லை என்று முடிவு செய்தேன். மிச்சம் சூட்டு வலிதானே, அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எரிச்சல்பட்டேன். "வயிறு கல்லு மாதிரி இருக்கும்மா, தொட்டுப் பாரு" என்றாள். தொட்டேன். கல்லாகத்தான் இருந்தது. பிள்ளையின் தலையாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனேன். பத்து மணிக்கு நம் ஊர்ச் சுகாதார நிலையத்து நர்சம்மா போன் செய்தார். அக்கா அவரைக் கூப்பிட்டு அழுதிருக்கிறாள். விடாத வலி ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்கிறேன் என்றார். மெஷின் இறங்கிவிட்டது, மூன்று மணிக்குள் முடிந்துவிடும், ஆம்புலன்ஸ் கீம்புலன்ஸ் என்று ஊரைக் கூட்டாதீங்க என்று சொல்லிவிட்டேன். பெரிய மாப்பிள்ளை அதிராம்பட்டினத்திலிருந்து கூப்பிட்டார். உங்கள் பொண்டாட்டிக்கு ஒன்றும் இல்லை, வழக்கமான அழுகைதான் என்றேன்.

ஒரு மணிக்கு டிரைவருக்குச் சோறு எடுக்க வீட்டுக்கு வந்தேன். அக்கா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டிருந்தாள். வாயில் துண்டு இருந்தது. துண்டை எடுத்துவிட்டு, "அம்மா, செத்துருவேம்மா" என்றாள். பிள்ளை பெற்ற எல்லோரும் சொல்வதுதான் என்று சொல்லிவிட்டு, சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு போனேன். அந்த முகத்தைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். மூன்றரைக்கு நெல்லோடு திரும்பி வந்தபோது அவள் தரையில் கிடந்தாள். சத்தம் இல்லை. உடம்பு சில்லிட்டிருந்தது. நம் தெருக்காரர்கள் அறுப்பிலிருந்து ஓடிவந்து காரில் ஏற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைக் கேட்டார். "வலி எப்ப ஆரம்பிச்சுது?" காலையில் என்றேன். "இப்ப மணி என்ன?" நாலரை என்றேன். மணியைச் சீட்டில் குறித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

குழந்தையைத் தாங்கிய நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிய்ந்துகொண்டு, ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே கட்டி நின்றிருக்கிறது. அதுதான் கல். பெண் குழந்தை, முழுதாக வளர்ந்திருந்தது, நகம்கூட நீண்டிருந்தது. உள்ளேயே இறந்துவிட்டது. அக்காவைப் பிழைக்க வைக்கக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இனி அவளுக்குப் பிள்ளை இல்லை. மறுநாள் மதியம் அவள் நினைவு தெரிந்து கண் திறந்தபோது, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம். எழுந்ததும் நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை, "அழாதே, தையல் பிரிந்துவிடும்" என்பது. அவள் நான்கு வருஷமாக என்னோடு பேசாததற்கு ஊரில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் குறட்டைதான் காரணம் என்று தோன்றுகிறது.

இப்போது நீ கொடுத்த மன்னிப்புக்கு வருகிறேன். என் நொதி என் வலியை மறைத்தது, சரி. என் காதை அது அடைக்கவில்லை. நர்சம்மாவின் உடம்பில் என்ன நொதி ஓடியது என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் அக்காவின் வலி வலித்திருக்காது. ஆனால் ஒருத்தி வலிக்கிறது என்று சொன்னதை அவர் நம்பினார், எழுந்து போன் செய்தார். நம்புவதற்கு எந்த ஏற்பியும் வேண்டாம். பயம் தெரியாத உடம்பு என்றாயே, மழைக்கு மட்டும் எப்படி அவ்வளவு பதறினேன்? பதறவில்லை, கணக்குப் போட்டேன். நெல்லுக்குப் போட்ட கணக்கை மகளுக்குப் போடவில்லை. இதை நொதி செய்யவில்லை, நான் செய்தேன். எனக்கு இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கவில்லை. அடைக்க வேண்டும் என்று தெரிகிறது. தெரிவது வேறு, அடைப்பது வேறு, எனக்கு முதலாவது மட்டும்தான் கொடுத்துவைத்திருக்கிறது.

உன் வேலையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த நொதியை அடக்கி வைக்கும் மருந்தைத் தேடுகிறீர்கள். நொதி ஓய்ந்தால் உடம்பின் சொந்தச் சரக்கு நெடுநேரம் நிற்கும், வலி குறையும் என்பது உங்கள் யோசனை. வேண்டாம் என்று சொல்ல நான் யார், புற்றுநோயில் துடிப்பவனுக்கு அது சாமி மாதிரிதான். ஆனால் நீ படம் போட்டபோது அந்த நொதியை ஒரு வில்லன் மாதிரி, கத்திரிக்கோல் வரைந்து காட்டினாய். எனக்கு அது வில்லனாகத் தெரியவில்லை. உள்ளதை உள்ளபடி நமக்குத் திருப்பித் தருகிற ஆள் அது ஒன்றுதான். ஆகவே மாத்திரை வரும்போது, அதோடு வைக்கும் சீட்டில் ஒரு வரி சேர்த்துப் போடு. நீண்ட நாள் சாப்பிடுபவர் பொறுப்பில் பிள்ளைத்தாச்சிகளை விட வேண்டாம் என்று. நீ ஆராய்ச்சி செய்யும் எலிக்கு வலியில்லாமல் போனால் எலிக்கு நல்லது. அந்த எலியோடு ஒரே கூண்டில் இருக்கும் எலியைப் பற்றி யாரும் எழுதி வைப்பதில்லை.

இவ்வளவையும் மனதுக்குள் வைத்துக்கொண்டேதான் உன்னை அழைத்து வர நானும் தயாராக இருந்தேன். உன்னால் எனக்குப் பிராயச்சித்தம் கிடைக்கும் என்று ஒரு நப்பாசை. போன செவ்வாய்க்கிழமை நீ போனில் வளைகாப்புப் புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிற போக்கில் ஒன்று சொன்னாய். "காலைலேருந்து வயிறு இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருந்துச்சும்மா. வலியெல்லாம் இல்ல, வேலைக்குப் போயிட்டு வந்துட்டேன்" என்றாய். நான் விதைநெல் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தேன். எழுந்துவிட்டேன். கணுக்கால் இரண்டாகக் கிடந்தபோது நான் ஆட்களிடம் சொன்னதும் இதே மாதிரிதான், கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, வலி இல்லை. திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தபோது உனக்கு என்ன நடந்தது என்று உடனே ஞாபகம் வந்தது. வயிறு கொஞ்சம் கனமாக இருக்கிறது என்று இரண்டு நாள் பரீட்சை எழுதினாய். மூன்றாம் நாள் மயங்கி விழுந்த பிறகுதான் குடல்வால் வெடித்துப் போனது தெரிந்தது. அன்றைக்கு அந்த டாக்டர் உன்னைப் பாராட்டினார், நானும் பாராட்டினேன்.

என் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனாயே, உன்னுடையதைப் பார்த்தாயா என்று கேட்டேன். "நேரமில்லம்மா" என்றாய். ஊரார் நொதியையெல்லாம் ஆராய்கிறவளுக்குத் தன் நொதியைப் பார்க்க நேரமில்லை. அன்றே உன்னை டாக்டரிடம் போகச் சொல்லிக் கத்தினேன், போனாய், ஒன்றும் இல்லை என்றார்கள். இந்த முறை ஒன்றும் இல்லை. உன்னில் பாதி நான்தான். அந்தப் பாதியில் இது வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வந்திருந்தால், அக்காவுக்கு வந்த அதே கல் உன் வயிற்றில் வந்தாலும் நீ கத்த மாட்டாய். கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்பாய். நானும் சரி, படுத்துக்கொள் என்பேன். கத்தவும் ஆளில்லாமல், கேட்கவும் ஆளில்லாமல் இரண்டு தைரியசாலிகள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும் வீட்டில் உன் பிள்ளை சாகும்.

மறுநாள் காலையில் பஸ் ஏறி அதிராம்பட்டினம் போனேன். நாலு வருஷத்தில் முதல் தடவை. பெரிய மாப்பிள்ளை படகு இன்ஜின் பார்க்கப் போயிருந்தார். அக்கா கதவைத் திறந்தாள், வா என்று சொல்லவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை வாசற்படியில் வைத்துவிட்டு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டாள். நான் வெயிலில் நின்றே சொன்னேன். நீ சொன்ன இறுக்கத்தைச் சொன்னேன், குடல்வாலைச் சொன்னேன், பிறகு நொதியைப் பற்றி உன்னை மாதிரியே விளக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்தக் கதையெல்லாம் அவ போன்ல சொல்லிட்டா. எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லு. சோறெடுக்க வந்தப்ப என் மூஞ்சியப் பாத்தியா, இல்லயா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"செத்துருவ போல இருந்துச்சு."

"பாத்துட்டுத்தான் போன."

"ஆமா."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. அவள் நடிக்கவில்லை என்று அந்த ஒரு மணிக்கே எனக்குத் தெரியும். உதடு வெளுத்திருந்தது, கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. சாகக் கிடக்கும் மாட்டின் கண்ணை நான் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? இன்னும் மூன்று மா அறுப்புதான் பாக்கி, இரண்டு மணி நேரம் தாங்குவாள் என்று நினைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினேன். அக்கா இதைக் கேட்டுவிட்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. சொம்பை எடுத்துத் தண்ணீரைத் தெருவில் கொட்டினாள்.

"அவள இங்க அனுப்பு. பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரி அரைமணி நேரம். நான் பாத்துக்கறேன். எனக்கு வலின்னா என்னன்னு தெரியும். நீ வராத."

"பொறந்தப்புறம்?"

"அப்பறமும் வராத. அந்தப் புள்ளய நீ தூக்கக் கூடாது. சரின்னா அனுப்பு."

சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுகை வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. வந்தது என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் எழுத மாட்டேன். முத்துப்பேட்டை தாண்டும்போது ஒன்று மட்டும் புரிந்தது. உன் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலேயே நான் சாவேன், அதுவும் எனக்கு வலிக்காது. மற்றவர்களுக்குத் தண்டனை என்றால் அது வலிக்கும். எனக்குக் கொடுத்த தண்டனைகூட வீண்தான், அதையும் அக்கா தெரிந்தேதான் கொடுத்தாள் என்று நினைக்கிறேன்.

ஆகவே வளைகாப்பு முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போ. இங்கே இறங்காதே, என் கையால் காப்பரிசி வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதே. உனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாலும் அக்கா கிளம்பு என்றால் கிளம்பு. வயிற்றில் மெஷினை வைத்துப் பார்க்கலாம் என்றால் வைத்துக்கொள். இறுக்கம், கனம், என்னமோ போல இருக்கிறது என்று எது வந்தாலும் அவளிடம் சொல், வலி வரட்டும் என்று காத்திருக்காதே. உன் ரத்தத்தையும் பார்த்துவிடு. அதில் என்ன வந்தாலும் அதை வைத்து என்னை மன்னிக்கப் பார்க்காதே.

பிள்ளை பிறந்ததும் நர்ஸ் முதலில் உன்னிடம்தான் நீட்டுவாள். நீ வாங்காதே. அக்கா கையில் கொடுக்கச் சொல். அவள் இதைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டாள். அவள் பெற்ற குழந்தையை அவள் பார்க்கவே இல்லை. மயக்கம் தெளிவதற்குள் மாப்பிள்ளையே புதுத்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டார் என்று இத்தனை வருஷமாக அவர் மேல் அவளுக்கு ஒரு கோபம் இருக்கிறது. அவர் காத்திருக்கலாம் என்றுதான் சொன்னார். தலை நிறைய முடியோடு இருந்த அந்தக் குழந்தையை அவர் மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பார்த்தால் இவள் ஊரைக் கூட்டி அழுவாள், சீக்கிரம் எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவரை விரட்டியது நான். அவர் இன்றுவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அக்காவிடம் கொடுத்துவிடு.